பழுதான வேகக் கட்டுப்படுத்தி: திருத்துவதா, மாற்றுவதா? வன்னிப் பட்டறைகளுக்கு ஓர் ஒப்பீடு

காலபோக அறுவடை உச்சத்தில் இருந்த ஒரு மாசி மாதத்து முற்பகலில், எங்கள் பட்டறையின் கடைச்சல் இயந்திரம் (லேத்) ‘டப்’ என்ற சத்தத்துடன் நின்றது. பெல்ட் அறுந்திருக்கவில்லை, மோட்டாரும் சூடேறியிருக்கவில்லை. சுவரில் பொருத்தியிருந்த வேகக் கட்டுப்படுத்தியின் சிறு திரை மட்டும் இருண்டு கிடந்தது. வாசலில், சூடடிக்கும் இயந்திரத்தின் தேய்ந்த தண்டைத் தோளில் சுமந்து வந்திருந்த வயதான விவசாயி ஒருவர், “தம்பி, வெட்டின நெல்லு வயலுக்குள்ள கிடக்குது, நாளைக்குள்ள இதைக் கடைஞ்சு தரேலுமோ?” என்று கேட்டார். அவருக்கு இல்லை என்று சொல்ல நேர்ந்த சங்கடத்தில், எதையும் ஆராயாமல் கட்டுப்படுத்தியைக் கழற்றித் திருத்துநர் ஒருவரிடம் அனுப்பினேன். வெடித்திருந்த பாகத்தை அவர் மாற்றித் தந்தார். ஒன்பதாம் நாள் அதே சத்தத்துடன் அது மறுபடியும் வெடித்தது. மோட்டாரின் இணைப்புப் பெட்டிக்குள் வயர் நுழையும் துளையிலிருந்த றப்பர் வளையம் கழன்று, தகட்டின் விளிம்பு வயரின் மேலுறையை அறுத்திருந்ததை அதன் பிறகுதான் கண்டோம். ஏர்த்துடன், அதாவது நிலத்துக்கு இணைக்கப்பட்ட மோட்டார் உடலுடன், உரசிய அந்த ஒரு வயர்தான் இரண்டு முறையும் கட்டுப்படுத்தியை அழித்தது.

திருத்துவதா, மாற்றுவதா என்ற கேள்வியை விலைப்பட்டியலிலிருந்து தொடங்கக் கூடாது, பழுதின் காரணத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அந்த அனுபவத்தால்தான். காரணம் தெரியாத நிலையில் திருத்தியதும் வெடிக்கும், புதிதாக வாங்கியதும் வெடிக்கும்.

வன்னியில் இந்தக் கருவிகள் பரவலானதற்குப் பின்னணி உண்டு. போர் முடிந்த 2009க்குப் பின்னர் தேசிய மின்வழங்கல் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களுக்குப் படிப்படியாக வந்து சேர்ந்தபோது, சிறு பட்டறைகளில் பெரும்பாலானவை சிங்கிள் பேஸ் (ஒற்றைக் கட்ட) இணைப்பையே எடுத்தன. ஆனால் நல்ல கடைச்சல் இயந்திரங்களும் மரமறுக்கும் இயந்திரங்களும் த்ரீ பேஸ் (மூன்று கட்ட) மோட்டாருடன்தான் வருகின்றன. 230 வோல்ற்று சிங்கிள் பேஸை உள்வாங்கி, அதே அளவில் த்ரீ பேஸாக வெளியே தந்து, அதிர்வெண்ணையும் விரும்பியபடி கூட்டிக் குறைக்கும் கருவி இந்த இடைவெளியை நிரப்பியது. பட்டறைகளில் அதனை இன்வேட்டர் என்கிறோம். வீட்டுக் கூரையின் சூரிய மின்சாரத்துக்குப் பயன்படும் இன்வேட்டர் வேறு, இது வேறு. கார்பன் பிரஷ் உள்ள நேரோட்ட (டிசி) மோட்டாரை இயக்கும் சிறிய கட்டுப்பாட்டுப் பலகை இன்னொரு வகை. சிறு கடைச்சல் இயந்திரங்கள் பலவற்றில் அதுவே இருக்கிறது. இரண்டுக்கும் முடிவு ஒன்றல்ல என்பதால் அதனைப் பின்னர் தனியாகப் பார்க்கலாம்.

காரணத்தைத் தேடும் வேலை மூடியைக் கழற்றுவதில் தொடங்குகிறது, ஆனால் மூடியைக் கழற்றும் முன் மின்சாரத்தை நிறுத்திப் பத்து நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும். 230 வோல்ற்று மின்சாரம் நேரோட்டமாக மாற்றப்படும்போது உள்ளே ஏறத்தாழ 325 வோல்ற்று தேங்குகிறது. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகமான கப்பாசிற்றர், 1000 மைக்ரோபரட் அளவுள்ளதென்றால், அந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 53 ஜூல் சக்தியை வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கியவுடன் விரலை வைத்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். பத்து நிமிடம் கழித்தும், நேரோட்ட முனைகளில் மல்ரிமீற்றரை வைத்து அளந்து, வோல்ற்று இல்லை என்று கண்ட பிறகே கை வைக்க வேண்டும்.

உள்ளே பார்க்க வேண்டியவை அதிகமில்லை. எங்கள் பகுதியில் நான் திறந்து பார்த்தவற்றில் மூன்று காட்சிகள் மீண்டும் மீண்டும் வந்தன. முதலாவது தூசி: கோடையில் வீதியிலிருந்து எழும் செம்மண் புழுதியும் சாணைக்கல்லிலிருந்து பறக்கும் இரும்புத் தூளும் சேர்ந்து, காற்றாடியின் இதழ்களில் களிம்புபோல் ஒட்டி, அதை அசையவிடாமல் நிறுத்தியிருக்கும். இரண்டாவது, மேல்தட்டு உப்பிய கப்பாசிற்றர். தட்டையாக இருக்க வேண்டிய அலுமினிய மூடி பொரித்த அப்பளம்போல் எழுந்து, சில வேளைகளில் அடியில் பழுப்புக் கசிவும் இருக்கும். மூன்றாவதைச் சொன்னால் வெளியூரவர்கள் நம்புவதில்லை: பல்லி. சூட்டைத் தேடிக் காற்றுத் துளை வழியாக உள்ளே போகும் குட்டிப் பல்லி, இரண்டு முனைகளுக்குக் குறுக்கே கிடந்து கருகியிருக்கும். ஒருமுறை வட்டக்கச்சியிலிருந்து வந்த கட்டுப்படுத்தியொன்றில் அதன் வால் ஒரு முனையிலும் தலை மறுமுனையிலும் ஒட்டியபடியே கிடந்தது. அந்தக் கட்டுப்படுத்திக்குத் தேவைப்பட்டது ஒரு பியூசும், சுத்தம் செய்த பலகையும், காற்றுத் துளைகளுக்கு நுண்ணிய கம்பி வலையும் மட்டுமே. புதியது வாங்கியிருந்தால் அடுத்த பல்லி அதற்குள்ளும் போயிருக்கும்.

கண்ணால் பார்த்தது போதாது, அளக்கவும் வேண்டும். மோட்டார் வயர்கள் மூன்றையும் கழற்றிவிட்டு, மல்ரிமீற்றரை டயோட் நிலையில் வைத்து, நேரோட்ட முனைகள் இரண்டுக்கும் மோட்டாருக்குப் போகும் முனைகள் மூன்றுக்கும் இடையே ஒவ்வொன்றாக அளந்தால், நல்ல பாகம் ஒரு திசையில் 0.3 முதல் 0.5 வரையான அளவைக் காட்டும், மறுதிசையில் காட்டாது. எங்காவது பூச்சியத்துக்கு அருகே வந்தால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும், ஐஜிபிடி எனப்படும் சக்திப் பகுதி குறுக்கே உருகிவிட்டது என்று கொள்ளலாம். அதன் பிறகு மோட்டாரைத் தனியாக, மின்கசிவைக் கண்டறியும் தடை அளவியான மெகரால் பரிசோதிக்க வேண்டும். சுற்றுக்கும் உடலுக்கும் இடையே 500 வோல்ற்றில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால், குற்றவாளி மோட்டார் அல்லது அதன் வயர். கட்டுப்படுத்தி இணைந்திருக்கும்போது மெகரை ஒருபோதும் பிடிக்கக் கூடாது. மிச்சமிருக்கும் நல்ல பாகங்களும் அந்த ஒரு சோதனையில் போய்விடும்.

பழுதே இல்லாத பழுதும் உண்டு. மாலை ஆறரை மணிக்குப் பின்னர் மட்டும் நின்று, ‘அழுத்தம் குறைவு’ (வோல்ற்று குறைவு) என்ற குறியைக் காட்டும் கட்டுப்படுத்தி பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கிறது. நம் நாட்டு விதிப்படி 230 வோல்ற்றிலிருந்து ஆறு வீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். 216க்குக் கீழே போனால் அது மின்வழங்கலின் குறை. ட்ரான்ஸ்போமரிலிருந்து நீண்ட தூரம் இழுக்கப்பட்ட வரிசையின் கடைசியில் பட்டறை இருந்தால், இரவில் எல்லா வீடுகளிலும் விளக்கெரியும்போது இது நேரும். மீற்றருக்கு அருகில் அளந்து எழுதிவைத்து மின்வழங்கல் அலுவலகத்தில் முறைப்பாடு செய்ய வேண்டியதற்கு, கட்டுப்படுத்தியை மாற்றியவர்களைக் கண்டிருக்கிறேன். அதேபோல், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் தேய்ந்து, திருப்பும்போது வேகம் துள்ளினால், பழுது அந்த 10 கிலோ ஓம் குமிழில் மட்டுமே இருக்கிறது.

காரணம் தெரிந்த பிறகே தெரிவுகளுக்கு வர முடியும்.

திருத்துவது என்ற முதல் தெரிவை ஒரே தெரிவாகப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. எந்தப் பாகம் போயிற்று என்பதைப் பொறுத்து அது முற்றிலும் வேறு வேறு வேலை. காற்றாடி, பியூஸ், குமிழ், கப்பாசிற்றர் என்றால் நான் தயங்காமல் திருத்தச் சொல்வேன். மின்பகு திரவம் கொண்ட கப்பாசிற்றரின் ஆயுள், வெப்பம் பத்துப் பாகை கூடும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பெரும்பாலான கட்டுப்படுத்திகள் 40 பாகைச் சூழலுக்கே வடிவமைக்கப்பட்டவை. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழே, சுவரின் உச்சியில், அடைபட்ட பெட்டிக்குள் வைத்தால் அந்த எல்லை காலையிலேயே கடந்துவிடும். ஆகவே ஐந்து, ஆறு வருடத்தில் கப்பாசிற்றர் வற்றுவது கருவியின் குறையல்ல. 105 பாகை என்று அச்சிடப்பட்ட, அதே அளவோ சற்றுக் கூடிய வோல்ற்றோ உடைய நல்ல கப்பாசிற்றரைக் கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து வரவழைத்து, முனைகளின் திசை மாறாமல் பொருத்தினால் கருவி இன்னும் பல வருடம் உழைக்கும். திரை ஒளிராமல், பியூஸ் மட்டும் நன்றாக இருக்கும் நிலையிலும், உள் மின்வழங்கலிலுள்ள விரல்நுனி அளவு கப்பாசிற்றர்கள்தான் பெரும்பாலும் வற்றியிருக்கும்.

சக்திப் பகுதி வெடித்திருந்தால் கதை வேறு. சிறிய கட்டுப்படுத்திகளில் மின்சாரத்தை நேராக்கும் டயோட்களும் ஆறு ஐஜிபிடிகளும் ஒரே கட்டியாகப் பலகையில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. இருபதுக்கும் மேற்பட்ட கால்களைப் பலகையின் செப்புத் தடங்கள் உரியாமல் கழற்றுவது கைதேர்ந்தவருக்கே பொறுமையைச் சோதிக்கும் வேலை. அதைவிட முக்கியமானது, கட்டி வெடிக்கும்போது அதற்குக் கட்டளை அனுப்பும் சிறு பாகங்களையும் அது சேர்த்தே எரித்திருக்கக்கூடும் என்பது. அவற்றைப் பரிசோதிக்காமல் புதிய கட்டியை மட்டும் பொருத்தினால், முதல் முறை மின்சாரம் கொடுத்த கணத்திலேயே அதுவும் போகும். நல்ல திருத்துநர் யார் என்பதை அறிய எனக்கு ஓர் எளிய வழி உண்டு: திருத்திய பின்னர் முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, பழைய வகை 100 வாற்று இழை பல்பொன்றைத் தொடரில் இணைத்துக் கொடுக்கிறாரா என்று கேட்பேன். உள்ளே குறுக்கு இருந்தால் பல்ப் பிரகாசமாக எரிந்து மின்னோட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் ஒரு கணம் மின்னி மங்கும். இதைச் செய்யாதவரிடம் சக்திப் பகுதித் திருத்தத்தை நான் கொடுப்பதில்லை.

பொருளாதாரத் தடை இருந்த 1990களில், ஒரு பற்றரிகூட உள்ளே வர முடியாத நாட்களில், எங்கள் ஆட்கள் எரிந்த மோட்டாரைப் பழைய செப்புக் கம்பியால் திருப்பிச் சுற்றி ஓடவைத்தார்கள். அந்தக் கைப்பழக்கத்தின் மீது எனக்குள்ள மதிப்பு குறையவேயில்லை. ஆயினும் மோட்டார் சுற்றுவதற்குக் கண்ணும் கையும் போதும். வெடித்த சக்திக் கட்டியை மாற்றுவதற்குச் சரியான எண்ணுள்ள பாகமும், போலி அல்ல என்ற உறுதியும், அளக்கும் கருவிகளும் தேவை. 2.2 கிலோவாற்று வரையான கருவியில் சக்திப் பகுதி போயிருந்து, திருத்தச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டுமென்றால், திருத்த வேண்டாம் என்பதே என் முடிவு. ஏழரை, பதினொரு கிலோவாற்று கொண்ட அரிசி ஆலைக் கருவிகளுக்கு இந்தக் கணக்குத் தலைகீழாகும். அவற்றின் சக்திப் பகுதி தனிக் கட்டியாகத் திருகாணியால் பொருத்தப்பட்டிருக்கும், புதியதன் விலையும் மிக அதிகம், எனவே அங்கே திருத்தமே முதலில் ஆராயப்பட வேண்டியது.

அதே மாதிரியில் புதியதை வாங்குவது மனதுக்கு நிம்மதியான தெரிவு. துளைகள் பொருந்தும், வயர்கள் பழைய இடத்திலேயே போகும், பழைய அமைப்பு எண்களை அப்படியே பதியலாம். அந்த மாதிரி இன்னும் விற்பனையில் இருந்து, கையிருப்பில் உள்ள கடையும் தெரிந்திருந்தால், வேலை நெருக்கடியான காலத்தில் சற்றுக் கூடிய விலைக்கும் அது தகும். ஆனால் 2022இல் டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டிய பின்னர், இறக்குமதிக் கருவி எதையும் பழைய விலையை நினைத்துக்கொண்டு கேட்க முடியாது. பல வருடம் பழைய மாதிரி என்றால் அது கிடைப்பதே அரிது.

வேறு மாதிரியில் புதிய பொது இன்வேட்டர் வாங்குவதே பெரும்பாலான பட்டறைகள் கடைசியில் வந்து சேரும் இடம். இங்கே பணம் வீணாவது கருவியின் தரத்தால் அல்ல, கேட்காமல் விட்ட கேள்விகளால். முதலில் மோட்டாரின் பெயர்த்தகட்டைத் துடைத்துப் படிக்க வேண்டும். 230/400 என்று இரண்டு வோல்ற்றுகள் இருந்தால், 230 வோல்ற்று இன்வேட்டருடன் அதன் மூன்று சுற்றுகளையும் முக்கோணமாக இணைக்கும் டெல்ற்றா இணைப்பில்தான் ஓட்ட வேண்டும். சுற்றுகளின் ஒரு முனைகளை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்ரார் இணைப்பிலேயே விட்டால் மோட்டார் சுற்றும், ஆனால் வெட்டும் கத்தி இரும்பில் பட்டவுடன் நின்றுவிடும். 1.5 கிலோவாற்று மோட்டார் 400 வோல்ற்றில் மூன்றரை அம்பியரளவும் டெல்ற்றாவில் 230 வோல்ற்றில் ஆறு அம்பியரளவும் எடுக்கும். கட்டுப்படுத்தியை வாங்கும்போது கிலோவாற்றைவிட இந்த அம்பியர் எண்ணையே பார்க்க வேண்டும், பதியவும் வேண்டும். ஜப்பானிலிருந்து பழைய இயந்திரமாக வந்தவற்றின் மோட்டார்கள் 200 வோல்ற்று த்ரீ பேஸுக்குச் செய்யப்பட்டவை. அவற்றுக்கு 230 வோல்ற்று இன்வேட்டர் நன்றாகப் பொருந்தும், வெளியீட்டு வோல்ற்றை 200 என்று பதிந்துவிட்டால் போதும். அதே மோட்டாரை 400 வோல்ற்று இன்வேட்டருடன் இணைத்தால் மோட்டார் எரிவது நிச்சயம்.

பதிவது என்ற வேலையைக் கடைக்காரர் செய்து தருவார் என்று நினைத்தே பலர் வாங்குகிறார்கள். மோட்டாரின் அடிப்படை அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ், மோட்டாரின் அம்பியர், வேகம் கூடும் நேரம், குறையும் நேரம், கட்டளை எங்கிருந்து வருகிறது என்பன குறைந்தபட்சம் பதிய வேண்டியவை. வேலைப்பொருளைப் பிடிக்கும் பெரிய சக் பொருத்திய கடைச்சல் இயந்திரத்தை இரண்டு வினாடிக்குள் நிறுத்தச் சொன்னால், சுழலும் பாரம் மின்சாரத்தைத் திருப்பித் தள்ளி, கட்டுப்படுத்தி ‘அழுத்தம் கூடியது’ என்று நின்றுவிடும். குறையும் நேரத்தைக் கூட்ட வேண்டும் அல்லது அந்த மின்சாரத்தை வெப்பமாகக் கழிக்கும் பிரேக் தடையைச் சேர்க்க வேண்டும். இன்னொன்று, புதிய கருவியின் உள்ளேயுள்ள வடிகட்டி ஏர்த்துக்குச் சிறு மின்னோட்டத்தைக் கசியவிடும் என்பதால், வீட்டுக்கான 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் காரணமின்றி விழலாம். அப்போது ட்ரிப் சுவிட்சை நீக்கிவிடும் வழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. ஈரத் தரையில் செருப்பில்லாமல் வேலை செய்யும் பையன்களின் உயிர் அந்தச் சுவிட்சில்தான் இருக்கிறது. கட்டுப்படுத்திக்கு உரிய வகைச் சுவிட்சைத் தனி வரிசையில் பொருத்துவதே வழி.

பாவித்த கட்டுப்படுத்தி வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓட்டிக் காட்டாமல் வாங்க வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் மின்சாரம் காணாமல் கிடந்ததென்றால், அதன் கப்பாசிற்றர்களுக்கு வோல்ற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டி உயிரூட்டிய பிறகே முழு அழுத்தத்தில் இணைக்க வேண்டும்.

கட்டுப்படுத்தியையே விட்டுவிட்டு, சிங்கிள் பேஸ் மோட்டாரையும் படிக் கப்பியையும் போட்டு, பெல்ட்டை மாற்றி வேகம் மாற்றும் பழைய முறைக்குத் திரும்புவதும் ஒரு தெரிவே. தண்டுகளையும் புஷ்களையும் மட்டும் கடையும் பட்டறைக்கு மூன்று, நான்கு வேகங்கள் போதும். மின்னல் அடித்தாலும் அங்கே எரிவதற்கு நுண்ணிய பாகமில்லை, பழுதானால் எந்த ஊரிலும் திருத்தலாம். தரம் குறைந்த முறை என்று அதை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் திருகு மரை வெட்டுபவருக்கும், பெரிய விட்டத்தில் முகம் வெட்டுபவருக்கும், வெட்டிக்கொண்டிருக்கும்போதே வேகத்தைக் குறைக்கும் வசதி போனால் வேலையின் தரமே குறையும்.

நேரோட்ட மோட்டாருள்ள சிறு இயந்திரங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது கார்பன் பிரஷ். தேய்ந்த பிரஷ் தீப்பொறி கக்கி மின்னோட்டத்தை ஏற்றி, பலகையிலுள்ள சக்தி ட்ரான்சிஸ்டரை எரிக்கும். பலகையை மட்டும் மாற்றினால் மறுபடியும் எரியும். தைரிஸ்டர் கொண்ட எளிய பழைய பலகைகளில் பாகங்கள் பெரியவை, எண்கள் தெளிவாகத் தெரியும், மாற்றுப் பாகம் கிடைக்கும். இவற்றைத் திருத்துவதே சரி. மோட்டாரும் சேர்ந்து எரிந்திருந்தால், இரண்டையும் கழற்றிவிட்டுச் சிறிய த்ரீ பேஸ் மோட்டாரும் இன்வேட்டரும் போடுவது நீண்ட காலத்தில் மலிவு, ஆனால் தாங்கித் தகடும் கப்பியும் நாமே செய்ய வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்கும் மேலே நாட்களின் கணக்கு இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் மேல். பாகம் பஸ்ஸில் வந்துவிடும், ஆனால் தவறான பாகம் வந்தால் இன்னொரு வாரம் போகும். தை, மாசியில் ஒரு வாரம் நிற்பது வருமான இழப்பு மட்டுமல்ல, வயலில் நெல்லோடு காத்திருப்பவருக்கும் இழப்பு. ஆகவே அறுவடைக் காலத்தில் புதியதை உடனே பொருத்தி, பழையதைத் தனியாக வைத்து, புரட்டாதியில் வேலை குறைந்த நாட்களில் நிதானமாகத் திருத்தி, மாற்றுக் கருவியாக வைத்துக்கொள்வதே நான் பின்பற்றும் வழி. கப்பாசிற்றர் மாற்றுவது போன்ற வேலைக்கு கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கத்தில் தொழிற்பயிற்சி முடித்த இளையோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நாட்களில் நேரமும் இருக்கும்.

எந்தத் தெரிவை எடுத்தாலும், மின்னலும் ஏர்த்தும் கவனிக்கப்படாவிட்டால் அது நிலைக்காது. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடியுடன் மழை வரும்போது வரிசை வழியாக வரும் அதிர்ச்சி அழுத்தம் எத்தனையோ கட்டுப்படுத்திகளைத் தின்றிருக்கிறது. மின்வழங்கல் பெட்டியில் அதிர்ச்சி அழுத்தத் தடுப்பி வேண்டும், ஆனால் ஏர்த் சரியில்லாத இடத்தில் அது அலங்காரம்தான். ஆவணி மாதத்தில் எங்கள் மண் கல்லாகக் காயும்போது ஏர்த் கம்பியின் தடை பல மடங்கு கூடுகிறது. அதனால் இரண்டு கம்பிகளை இடைவெளி விட்டு ஆழமாக இறக்கி, கோடையில் அவற்றைச் சுற்றி வாரமொருமுறை தண்ணீர் ஊற்றுகிறோம். மின்சாரம் போய்வரும் நாட்களில் கட்டுப்படுத்தியின் சுவிட்சை நிறுத்திவைத்து, மின்சாரம் வந்து ஓரிரு நிமிடம் கழித்தே போடுகிறோம். அடுத்தடுத்து ஏறி இறங்கும் மின்சாரம் உள்ளே கப்பாசிற்றரை மெதுவாக நிரப்பும் தடையை எரிக்கிறது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தபோது பழகியது இது.

எங்கள் கடைச்சல் இயந்திரத்தில் இப்போது இருப்பது 2.2 கிலோவாற்று பொது இன்வேட்டர், 1.5 கிலோவாற்று மோட்டாருக்கு வேண்டுமென்றே ஒரு படி பெரியது. அதை இடுப்பு உயரத்தில், சாணைக்கல்லுக்கு எதிர்ச் சுவரில், கம்பி வலை பொருத்திய பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். மோட்டாரின் இணைப்புப் பெட்டிக்குப் புதிய றப்பர் வளையம் போட்டு, வயரை அசையாமல் இறுக்கியிருக்கிறோம். பெட்டி மூடியின் உட்புறத்தில், பதிந்த எண்கள் அனைத்தும், மோட்டாரின் மெகர் அளவும், பொருத்திய திகதியும், கப்பாசிற்றர் மாற்ற வேண்டிய வருடமும் அழியாத மையில் எழுதப்பட்டிருக்கின்றன.